இது மல்லாட்டை இல்லை

தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பார்டன்பர்க் நகருக்கு நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், உடன் பணிபுரிந்த ஒரு பெண்மணி சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் உணவறையில், அவர் வீட்டிலிருந்து எனக்கென்று டப்பாவில் கொண்டுவந்திருந்த பண்டத்தை ஒரு வாய் உண்டுவிட்டு, வழக்கம்போல "இது எங்கள் ஊரிலும் உண்டு" என்று தொடங்கினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஹனி, நான் எதைக் கொடுத்தாலும் நீ அதை இன்னொன்றின் பெயரில்தான் சாப்பிடுகிறாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கோபத்தையும் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று அவர் கொண்டுவந்தது கிரிட்ஸ். மக்காச்சோளத்தைக் கல் இயந்திரத்தில் ரவையாக உடைத்து, நான்கு பங்குத் தண்ணீரில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்டி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து இறக்குவது. தெற்கத்திய மாநிலங்களில் அதற்கு இருக்கும் மரியாதை பெரிது. பக்கத்து மாநிலமான ஜார்ஜியா 2002இல் சட்டம் இயற்றியே அதைத் தன் அதிகாரபூர்வமான சமைத்த உணவாக அறிவித்திருக்கிறது. நான் அதற்கு ஒரே வாயில் 'ரவைக் கஞ்சி' என்று பெயர் சூட்டிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. மறுமுறை அவர் கொண்டுவந்தபோது, வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துச் சென்று தொட்டுக்கொண்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோளத்துக்கென்று ஓர் இனிப்பு இருக்கிறது, கல்லில் உடைத்த மணிகள் நாக்கில் தனித்தனியாகத் தட்டுப்படுகின்றன என்பதையெல்லாம் நான் அறிந்துகொண்டது ஓராண்டு கழித்து. ஊறுகாய் தொட்டுக்கொண்டவனுக்கு ஊறுகாய் மட்டுமே தெரிந்திருந்தது.

என் தரப்பில் சொல்ல எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் "நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குது" என்று சொல்வது நம்மிடையே பாராட்டு. அதைக் கேட்டால் பரிமாறுபவர் முகம் மலரும். 1994இல் ஒரு ஜெர்மானியக் கார் நிறுவனம் இங்கே ஆலை தொடங்கியதற்குப் பிறகு, அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த என்னைப் போன்றவர்கள் இந்தப் பாராட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினோம். வெண்டைக்காயா, நம்முடையது. கீரையா, நம்முடையது. மோரா, நம்முடையதேதான். இப்படி எல்லாவற்றையும் உறவாக்கிக்கொள்வது அன்பு என்றே நம்பியிருந்தேன். அது சாப்பிடாமல் தப்பித்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம் என்பது, நான் மிக நன்றாக அறிந்த ஒரு பொருளின் முன்னால் போய் நின்றபோதுதான் உறைத்தது.

மல்லாட்டை தெரிந்தவன்

நான் பிறந்தது திண்டிவனத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை யாரும் வேர்க்கடலை என்று சொல்லமாட்டார்கள். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, அதுவும் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. ஊரின் பெயரே அந்தப் பயிரில் ஒட்டியிருக்கிறது, டி.எம்.வி. என்று எழுத்துப் போட்டு வந்த கடலை ரகங்களின் அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் மானாவாரி. ஆடியில் விதைத்ததை ஐப்பசியில் பிடுங்குவோம். கொல்லையில் செடியைக் குவித்து வைத்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை ஆய்வார்கள்; கூலியில் ஒரு பகுதி மல்லாட்டையாகவே அளக்கப்படும். அன்று மாலை எல்லா வீட்டிலும் ஒரே வாசனைதான். மண் போகக் கழுவிய பச்சைக் காய்களைச் சட்டியில் கொட்டி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பைப் போட்டு மூடினால் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. வடித்துக் கூடையில் கொட்டும்போதும் தோட்டில் விறைப்பு இருக்கும். இரண்டு விரலால் நசுக்கினால் 'டக்'கென்று உடையும். உள்ளே பருப்பு வெந்திருக்கும், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைத்திருக்கும். எந்தச் சட்டியை எப்போது இறக்க வேண்டும் என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடக்கூடியவன் நான் என்ற கர்வம் எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஆகவே, ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காஃப்னி ஊருக்கு வெளியே சாலையோரத்தில், ஒட்டுப்பலகையில் கையால் எழுதிய 'பாய்ல்ட் பி-நட்ஸ்' என்ற வாசகத்தைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தேன். காஃப்னி பீச் பழத்துக்குப் பேர்போன ஊர்; 1981இல் கட்டிய, பீச் பழ வடிவத்திலான மாபெரும் தண்ணீர்த் தொட்டியை எண்பத்தைந்தாம் எண் நெடுஞ்சாலையில் போகிற எவரும் பார்க்காமல் போக முடியாது. ஆனால் அன்று எனக்குப் பீச் கண்ணில் படவில்லை. ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்புறத்தில் இரண்டு பெரிய அலுமினிய அண்டாக்கள், கீழே எரிவாயு அடுப்பு, பக்கத்தில் மடக்கு நாற்காலியில் தொப்பியணிந்த ஒரு முதியவர். ஓர் அண்டாவில் உப்புக் கடலை, இன்னொன்றில் லூசியானா மாநிலத்துக் கேஜன் மசாலா போட்ட காரக் கடலை. நான் உப்புக் கடலை கேட்டேன். துளைக் கரண்டியால் அள்ளித் தெர்மகோல் கோப்பையில் நிரப்பி, அதன்மேல் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தார். தண்ணீரை ஏன் ஊற்றுகிறார் என்று அப்போதே சந்தேகம் வந்தது.

வண்டியை ஓட்டியபடியே முதல் காயை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினேன். 'டக்'கென்ற சத்தம் வரவில்லை. நனைந்த அட்டையைப் போலத் தோடு மடங்கி, உள்ளிருந்த உப்புத் தண்ணீர் சட்டையில் பீய்ச்சியடித்தது. பருப்பு வெளிறிய ஊதாவும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தது. வாயில் போட்டதும் கடிப்பதற்கு எதுவும் இல்லை. குழைந்த பயறு போல நாக்கில் அப்பிக்கொண்டது. வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. மழையில் நனைந்த மல்லாட்டை மூட்டைக்குள் இரண்டு நாள் கிடந்தால் வருகிற வாசனை அது. எங்கள் வீட்டில் இந்த வழவழப்புக்கும் இந்த வாசனைக்கும் ஒரே அர்த்தம்தான்: ஊசிப்போய்விட்டது, மாட்டுக்குக்கூட வைக்காதே. கண்ணாடியை இறக்கித் துப்பினேன்.

அப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஒரு மைல் தள்ளி வண்டியைத் திருப்பினேன். நான்கு டாலருக்காக அல்ல. அந்த மனிதர் நல்லவராகத் தெரிந்தார். கெட்டுப்போன சரக்கைத் தெரியாமல் விற்றுக்கொண்டிருக்கிறார், சொல்வது என் கடமை என்று நினைத்தேன். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மல்லாட்டை விவசாயியின் மகனிடமே இப்படிப்பட்ட மல்லாட்டையை விற்றால் எப்படி? வண்டியை நிறுத்தி, மிகுந்த பணிவுடன், இது அதிகமாக வெந்துவிட்டது போலிருக்கிறது, ஒருவேளை நேற்றையதோ என்று கேட்டேன். அவர் கோப்பையை வாங்கி ஒரு காயை வாயில் போட்டு, பல்லால் பிளந்து, தண்ணீரை உறிஞ்சி, பருப்பைத் தின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காலை நாலரைக்கு அடுப்பை மூட்டினேன். இப்போதுதான் பதத்துக்கு வந்திருக்கிறது" என்றார். அப்போது பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"எங்கள் ஊரில் இருபது நிமிடம்தான் அவிப்போம்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். கேலியாகவோ சண்டைக்கோ அல்ல, உண்மையாகவே புரியாத ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள முயல்கிறவர் போல. பிறகு கேட்டார்: "இருபது நிமிடமா? அப்படியானால் அது இன்னும் கடலையாகத்தானே இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் எழுந்து இன்னொரு கோப்பையை நிரப்பிக் கையில் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். சாப்பிடு என்றும் சொல்லவில்லை, பழகிவிடும் என்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டிக்காரர் வந்து நிற்கவே அவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

கடலையாக இல்லாமல் ஆக்குவது

அந்தக் கேள்வியை வீட்டுக்கு வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கடலையைக் கடலையாகவே வைத்து வேகவைக்கிறேன். அவர் அதைக் கடலையாக இல்லாமல் ஆக்குவதற்காக வேகவைக்கிறார். தாவரவியல்படி வேர்க்கடலை கொட்டை வகையல்ல, அவரைக் குடும்பத்துப் பயறு. பச்சையாகப் பிடுங்கியதை மூன்று நான்கு மணி நேரமும், காயவைத்ததை ஊறப்போட்டு அதற்கு இரண்டு பங்கு நேரமும் உப்பு நீரில் கொதிக்கவிட்டால், தோட்டின் வழியாக உப்பு ஊடுருவி, பருப்பு தன் பயறுத் தன்மைக்குத் திரும்பிவிடுகிறது. உப்புத் தண்ணீரைத்தான் அவர்கள் முதலில் உறிஞ்சுகிறார்கள். தோடு அவர்களுக்கு வெறும் மேலுறை அல்ல, ஒரு சிறிய குப்பி. அதனால்தான் அந்தக் கடைசிக் கரண்டித் தண்ணீர். இதையெல்லாம் அறிந்துகொண்டதால் என் நாக்கு மாறிவிடவில்லை. ஆனால் கெட்டுப்போன ஒன்றைத் தின்கிறோம் என்ற எண்ணத்தை விலக்கி வைக்க உதவியது.

அம்மாவிடம் அன்றிரவு தொலைபேசியில் சொன்னேன். "மல்லாட்டய ஏழு மணி நேரமா அவிப்பாங்க? வெறவுக்குத்தான் கேடு" என்றார். கூடவே, "அத ஏன்டா துன்ற, தூக்கிப் போடு" என்ற ஆலோசனையும் வந்தது.

தூக்கிப் போடவில்லை, தின்னவும் இல்லை. கோப்பை குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. மறுநாள் இரவு எதையோ தேடித் திறந்தபோது, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்த பிஞ்சு ஒன்று கண்ணில் பட்டது. மல்லாட்டை ஆயும்போது பருப்புப் பிடிக்காத பிஞ்சுகளைச் சிறுபிள்ளைகள் பச்சையாகவே பிதுக்கித் தின்போம். அவித்த பிறகு அவை சூம்பிப் போய்விடும், யாரும் சீந்தமாட்டார்கள். இந்தப் பிஞ்சோ தோடும் உள்ளீடும் ஒன்றாகி, சுண்டுவிரல் நுனியளவுக்குப் பருத்து நின்றது. இங்கே அதற்குத் தனிப் பெயர்கூட உண்டு, 'பாப்' என்பார்கள். தோட்டோடு முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது. போட்டேன். குளிர்ந்த உப்புத் தண்ணீர் வெடித்துச் சிதறியது. பிறகு மண்ணின் மெல்லிய மணம், அதன் பின்னால் ஓர் இனிப்பு. இதற்கு ஒப்பிட எனக்கு ஊரில் எதுவும் இல்லை. வேகவைத்த பிஞ்சு என்று ஒரு தின்பண்டம் என் நினைவிலேயே கிடையாது. நின்றபடியே கோப்பையில் இருந்த பிஞ்சுகள் அனைத்தையும் துழாவித் துழாவித் தின்றேன். முற்றிய காய்களை அப்போதும் தொடவில்லை. அவற்றுக்கு இன்னும் இரண்டு பருவம் ஆயிற்று. ஆனால் கதவு திறந்தது அந்தப் பிஞ்சில்தான்.

பிற்பாடு இந்தக் கடலையின் வழியைத் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர் போர்த்துகீசியர்கள் மூலம் ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமைக் கப்பல்களோடு வட அமெரிக்காவின் தெற்கத்திய மாநிலங்களுக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே பம்பாரா கடலை என்று மண்ணுக்கடியில் காய்க்கும் வேறொரு பயறு உண்டு. அதை நெடுநேரம் அவித்து உண்பது அங்கே பழைய வழக்கம். புதிதாக வந்த கடலையையும் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பயறின் பக்குவத்திலேயே அவித்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. இங்கே கிழவர்கள் இன்றும் கடலையைக் 'கூபர்' என்கிறார்கள்; அது காங்கோ பகுதி மொழியின் 'ங்குபா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் வாயில் காங்கோ, என் வாயில் மணிலா. ஒரே காய்தான், ஆனால் கப்பலேறி வந்த துறைமுகத்தின் நினைவை ஆளுக்கொன்றாகச் சுமந்துகொண்டு நாங்கள் இருவரும் அந்தச் சாலையோரத்தில் சமையல் நேரத்தைப் பற்றி வாதாடியிருக்கிறோம். தென் கரோலினா 2006இல் அவித்த கடலையைத் தன் மாநிலத் தின்பண்டமாக அறிவித்தது. நான் போய்த் திருத்தப் பார்த்தது ஒரு தனிமனிதரின் கைப்பிழையை அல்ல என்பது தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

எந்தத் தெருவும் நினைவுக்கு வராத ஒன்று

என்னை வியக்கவைத்தது இதற்கு எதிர்ப்புறம். 'வெளியூர்க்காரர்களுக்கு ஆகாது' என்று எல்லோரும் எச்சரித்த பண்டத்தை நான் முதல் கடியிலேயே ஏற்றுக்கொண்டேன். காஃப்னியிலிருந்து மாநில எல்லையைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் வட கரோலினாவின் ஷெல்பி. அந்த வட்டாரத்துக்கே உரிய உணவு லிவர்மஷ். பன்றியின் ஈரலையும் தலைக்கறியையும் வேகவைத்து அரைத்து, மக்காச்சோள மாவும் மிளகும் சேஜ் என்ற மூலிகை இலையும் சேர்த்துக் கிண்டி, அச்சில் ஊற்றிச் செங்கல் போல இறுகவிடுவது. முப்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈரல் இருக்க வேண்டும் என்பது விதி. பென்சில்வேனியாவிலிருந்து தெற்கே குடிபெயர்ந்த ஜெர்மானியக் குடும்பங்களின் கைப்பக்குவத்திலிருந்து வந்தது என்பார்கள். பார்ப்பதற்குச் சிமெண்டுத் துண்டு போலத்தான் இருக்கும். ஷெல்பியில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கடையில் அதை விரற்கடை கனத்துக்கு நறுக்கி, ஓரம் கருகும்வரை தோசைக்கல் போன்ற தட்டையான இரும்பில் பொரித்து, கடுகு விழுது தடவிய ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, பின்னால் மிளகும் ஈரலின் மெல்லிய கசப்பும். இரண்டாவது கேட்டு வாங்கினேன். அதற்கு முன்பு நான் பன்றிக்கறி சாப்பிட்டதே இல்லை.

ஏன் தடுக்கவில்லை என்று யோசித்தால், அந்தச் செங்கல் வடிவத்துக்கு என் நினைவில் ஓர் இடமும் இல்லை. அது எந்தத் தெருவையும், எந்த வீட்டு வாசலையும், யார் சொன்ன எந்தச் சொல்லையும் கிளறவில்லை.

சிட்லின்ஸ் அப்படியில்லை. பன்றியின் சிறுகுடலைக் கழுவி, கொழுப்பும் சவ்வும் போகக் கையால் உரித்து, பல மணி நேரம் வேகவைத்து, வினிகரும் காரச் சாறும் ஊற்றிச் சாப்பிடுவது. கிரிட்ஸ் கொண்டுவந்த அதே பெண்மணி கறுப்பினத்தவர். புத்தாண்டு சமயத்தில் அவர் வீட்டில் இது இல்லாமல் இருக்காது. அடிமைகளை வைத்திருந்தவர்கள் நல்ல கறியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு விட்டெறிந்ததைக்கொண்டு சமைக்கப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஏழை வெள்ளைக்காரர்களும் பன்றி அறுக்கும் குளிர்காலத்தில் இதைத்தான் தின்றார்கள். சாலி என்ற சிற்றூரில் 1966இல் இதற்கென்றே ஒரு திருவிழா தொடங்கியிருக்கிறார்கள். ஒரு டிசம்பரில் அந்த அம்மையார் என்னை வீட்டுக்கு அழைத்தார். வாசற்படியிலேயே வாசனை எதிர்கொண்டது. வாசனையை இழுக்கும் என்று கொதிக்கும் பாத்திரத்துக்குள் உரித்த வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் போட்டிருந்தார்கள். மகளின் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் குடலைக் கழுவினார்களாம். அது வெறும் சாங்கியமல்ல. 1988-89 குளிர்காலத்தில் அட்லாண்டாவில் கைக்குழந்தைகளுக்குப் பரவிய யெர்சினியா என்ற வயிற்றுத் தொற்றுக்கு, வீட்டில் பச்சைக் குடலைக் கழுவிய கைகளே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

நான் ஆட்டுக்குடல் தின்று வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் குடலைத் தேய்த்துக் கழுவ அம்மாவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவன். இங்கே தட்டில் இருந்ததும் அதே சுருக்கங்கள், அதே வழவழப்பு. ஆனாலும் வாயருகே கொண்டுபோன முள்கரண்டி நின்றுவிட்டது. நின்றது வாசனையால் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். வாசனையால் அல்ல. எங்கள் ஊரில் பன்றி எந்தத் தெருவில் மேயும், அந்தக் கறி எந்த வீடுகளில் வேகும், அந்தப் பக்கமிருந்து காற்று வீசினால் எங்கள் தெருப் பெரியவர்கள் மூக்கைச் சுளித்து என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு ஆறேழு வயதிலேயே பாடமாகியிருந்தது. லிவர்மஷ்ஷின் செங்கல் வடிவம் அந்தப் பாடத்தின் கண்ணில் படாமல் நழுவிவிட்டது. குடல் நழுவவில்லை, எனக்குப் பாதி தெரிந்தது என்பதாலேயே. அறியாததைச் சாப்பிட எனக்குத் துணிச்சல் இருந்தது. அறிந்ததும் அறியாததுமாக வந்து நின்றதிடம்தான் தோற்றேன். அவித்த கடலையிடம் தோற்றதும் இதே வகைதான் என்றாலும், இரண்டையும் ஒரே தராசில் வைக்க மனம் ஒப்பவில்லை. கடலையில் தடுத்தது என் கர்வம். இதில் தடுத்தது என் ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த அருவருப்பு. அந்த அருவருப்புக்குச் சாதியைத் தவிர வேறு பெயர் வைப்பது பொய்.

மூன்று வாய் சாப்பிட்டேன். பிடித்தது என்று சொல்லமாட்டேன். "எங்கள் ஊரிலும்..." என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அம்மையார் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மக்காச்சோள ரொட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

தம்ளரில் ரொட்டி

அந்த அம்மையாரின் தந்தைக்கு அப்போது எண்பதுக்கு மேல். கறி எதையும் தொடாமல், ஓர் உயரமான கண்ணாடித் தம்ளரில் மக்காச்சோள ரொட்டியை விரலால் உதிர்த்துப் போட்டு, அது மூழ்க மோரை ஊற்றி, நீண்ட கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் எனக்குள் பழைய சோறும் மோரும் எழுந்து நின்று கூச்சலிட்டன. இதைவிடப் பொருத்தமான ஒப்புமை எனக்கு வாழ்நாளில் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு எனக்கும் ஒரு தம்ளர் கேட்டேன். இங்கே கடைகளில் விற்கும் மோர் நம் மோர் அல்ல. வெண்ணெய் கடைந்து மிஞ்சியதல்ல, பாலைப் புளிக்கவைத்துக் கெட்டியாக்கியது, உப்பும் சேர்த்தது. வந்த புதிதில் அதை வாங்கி நீர்மோர் செய்யப் போய் முகம் கோணியது தனிக் கதை. தம்ளரில் அது பழைய சோற்றைப் போல இல்லை. சோளத்தின் கரகரப்பு மோரில் ஊறியும் முழுதும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. அடியில் போய்ச் சேர்ந்த துகள்கள் கடைசிக் கரண்டிக்கென்று காத்திருக்கின்றன. தந்தையார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரொட்டியில் சர்க்கரை போடுகிறவர்களைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன?" அது அந்தப் பக்கத்தில் குடும்பங்களைப் பிரிக்கக்கூடிய கேள்வி. எனக்கு அபிப்பிராயம் இல்லை என்றேன். சரியான பதில் என்பதுபோலத் தலையாட்டினார்.

வெண்டைக்காயைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். நாம் அதன் வழவழப்பைக் கொல்லுவதற்காகப் புளியையும் சூட்டையும் வைத்துப் போராடுகிறோம். இவர்கள் தக்காளியோடு சேர்த்து வேகவைத்து அந்த வழவழப்பையே குழம்பின் உடம்பாக்கிவிடுகிறார்கள். இதில் நான் இன்னும் தேறவில்லை. தேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வது, ஊறுகாய் தொட்டுக்கொண்டு கிரிட்ஸ் சாப்பிட்டதைவிடப் பெரிய ஏமாற்று.

2019ஆம் ஆண்டு அம்மா ஆறு மாதம் தங்க வந்தார். அப்போது அவருக்குக் கடைவாய்ப் பற்கள் ஒன்றும் இல்லை. ஊரில் மல்லாட்டை ஆயும் நாட்களில்கூட, அவித்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்துவிட்டுத் தான் சும்மா இருப்பாராம். ஆகஸ்டில் ஒரு நாள் காஃப்னி வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தினேன். அதே பிக்கப், அதே இரண்டு அண்டாக்கள், நாற்காலி மட்டும் புதிது. முதியவருக்கு என்னை நினைவிருந்ததா தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பையை அம்மாவிடம் நீட்டினேன். முதல் காயை நசுக்கியதும் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

"இன்னாடா இது, கொழகொழன்னு" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. பருப்பை ஈறுகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார். வண்டிக்கு வெளியே பார்த்தபடி மெல்ல அசைபோட்டார். இன்னொன்றை எடுத்தார். இந்த முறை அந்த முதியவர் செய்வதுபோலவே, நான் சொல்லிக்கொடுக்காமலேயே, தோட்டை வாயில் வைத்துத் தண்ணீரை உறிஞ்சினார். "இது மல்லாட்ட இல்லடா" என்றார். நெடுஞ்சாலைக்குள் நுழைவதற்குள் கோப்பை பாதியாகியிருந்தது. முந்தானையில் தோடுகள் குவிந்திருந்தன. பீச் பழத் தொட்டியைத் தாண்டும்போது கேட்டார்: "ஆமா, இதுக்கு இவங்க இன்னா பேரு சொல்றாங்க?"

'கூபர்' என்றேன். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கோப்பையைக் குலுக்கி, அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.